முதல்நாள்காரி

சேந்தன்துறையில் குத்தாலிங்கத்தை எல்லோரும் ‘மேயர் ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் அவர் மேயர் இல்லை. மேயர் அவருடைய மனைவி செண்பகவடிவு. பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்ட நாற்காலியில் அவர் உட்கார முடியாது, அதனால் அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான்கு வருடத்தில் அந்தப் பக்கத்து நாற்காலிக்குக் கைப்பிடி வந்தது, மெத்தை வந்தது, கடைசியில் மேயர் நாற்காலியைவிடக் கொஞ்சம் உயரமும் வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குப் பழகிவிட்டது. சொல்லப்போனால் வடிவுக்கே பழகிவிட்டது.

அன்று காலை அவள் இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மாமன்றக் கூடத்தில் விசாரணை. அவளைக் கேள்வி கேட்கப் போவது அவளேதான்.

"இப்ப எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்க?" என்றார் குத்தாலிங்கம், சட்னியைத் தன் பக்கம் இழுத்தபடி. "அது என்ன பேயா பிசாசா? பதவி ஏத்துக்கிறதுக்கு முன்னாடி உன் மண்டையில இருந்ததை அப்படியே படி எடுத்து வச்சிருக்கானுவ. அதுவும் நீதான். நீ என் பேச்சைக் கேப்ப. அதுவும் கேக்கும்."

"அதுக்கு இந்த நாலு வருசமும் தெரியாதுங்க."

"தெரியாட்டா நல்லதுதான. நம்ம சொல்லுததுதான் அதுக்கு நடந்த கதை. நான் அடிச்சுக் குடுத்த தாளை மட்டும் பாத்துப் படி. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத."

மாநகரக் காவலையும் மருத்துவமனைகளையும் மேயர்களின் கையில் ஒப்படைத்தபோது அரசாங்கத்துக்கு ஒரு பயம் வந்தது. ஓட்டுக் கேட்டு வருகிற ஆள் ஒருவர், ஆட்சி செய்கிற ஆள் வேறொருவர் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன? அதற்காகத்தான் அந்தச் சட்டம் வந்தது. ஜெயித்தவர் பதவியேற்பதற்கு முன் மூன்று நாள் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வேண்டும். அவருடைய நினைவு, யோசனை, ஆசை, கோபம் எல்லாவற்றையும் படியெடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். பதவிக்காலத்தில் ஒரே ஒரு முறை, ஒரு குடிமகன் கொடுக்கும் புகாரின் பேரில் அதை எழுப்பலாம். மேயரின் உத்தரவை அதனிடம் காட்டி, இது உன்னுடையதா என்று கேட்கலாம். சட்டத்தில் அதற்கு மனப்படி என்று பெயர். ஊர் அதற்கு முதல்நாள்காரன், முதல்நாள்காரி என்று பெயர் வைத்துவிட்டது. எந்த ஊரிலும் எந்த முதல்நாள்காரனும் இதுவரை தன்னைத்தானே மாட்டிவிட்டதில்லை. தன்மேல் யாருக்குத்தான் பாசம் இல்லை?

ஆனால் குத்தாலிங்கம் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார். தேர்தல் கூட்டம், பேட்டி, கோயில் மரியாதை என்று வடிவு போன இடமெல்லாம் அவரும் கூடவே போயிருந்தார். அந்த மூன்று நாள் மட்டும் போகவில்லை. அவருக்குக் கட்சி அலுவலகத்தில் பாராட்டு விழா, ஆளுயர மாலை. மண்டையைப் படம் பிடிக்கிற வேலைதானே என்று டிரைவரோடு அவளைத் தனியாக அனுப்பிவிட்டார். முதல் நாள் அந்த அறையில் எந்தக் கேள்வி கேட்டாலும் பக்கத்திலிருந்து யாராவது பதில் சொல்வார்கள் என்று வடிவு சற்று நேரம் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அவளே பேசத் தொடங்கினாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. என்னவெல்லாம் பேசினோம் என்பது இப்போது அவளுக்கே சரியாக நினைவில்லை. அதையெல்லாம் பேசியவளைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கூடத்தில் உட்கார இடமில்லை. ஆணையர் தேவசகாயம், ஓய்வுபெற்ற நீதிபதி, மேடையில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் பெரிய திரை. இடப்பக்கம் மேயரும், பக்கத்து நாற்காலியில் மேயர் ஐயாவும். புகார் கொடுத்தவள் எழுந்து நின்றபோது வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். ரஹ்மத் நிசா. துறைமுக ரோட்டு மகப்பேறு மனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அரசியலுக்கு வருவதற்கு முன் வடிவு அங்கேதான் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்தாள். இருவரும் ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தவர்கள்.

"அந்த ஆஸ்பத்திரியைப் போன மழைக்கு முன்னாடி மூடிட்டு போலீஸ் ஸ்டேஷன் ஆக்கிட்டாங்க," என்றாள் ரஹ்மத் நிசா. "என் மவ சபுராவுக்கு வலி வந்தப்ப ஆட்டோல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரயில்வே கேட்டு சாத்திருந்துச்சு. பிள்ளை ஆட்டோலேயே பொறந்துச்சு. நான்தான் எடுத்தேன். எவ்வளவோ பிள்ளையை எடுத்த கை இது. என் பேரனுக்கு மூச்சு வரல."

அவள் ஆணையர் பக்கம் திரும்பினாள்.

"என் மருமவன் ஜாபிர் மேயர் வீட்டு முன்னாடி போய் நின்னு, ஏன் மூடுனீங்கன்னு கேட்டான். கல்லு எடுக்கல, கெட்ட வார்த்தை பேசல. பிடிச்சிட்டுப் போனவங்க இன்னும் விடல. கோர்ட்டுலயும் நிறுத்தல. கேட்டா அமைதிக் காப்பு உத்தரவாம், மேயர் உத்தரவாம். முதல்நாள்காரியை எழுப்ப ஊருக்கே ஒரு தடவைதான் புகார் குடுக்க முடியும்னு எனக்குத் தெரியும். எனக்கு ரெண்டே கேள்விதான் ஐயா. ஆஸ்பத்திரியை மூடச் சொன்னது யாரு? என் மருமவனை அடைக்கச் சொன்னது யாரு?"

திரை ஒளிர்ந்தது. வடிவின் முகம் வந்தது. நான்கு வருடத்துக்கு முந்திய முகம். கன்னம் ஒட்டி, கண் மட்டும் துருதுருவென்று. அது கூடத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தது.

"வணக்கம். முடிஞ்சுதா? நான் வீட்டுக்குப் போகலாமா?"

ஆணையர் நான்கு வருடம் ஆகிவிட்டதைச் சொன்னார். அவள் பதவியேற்றதை, ஆட்சி நடந்ததை, இப்போது எழுப்பியிருப்பதைச் சொன்னார். திரையில் இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் வீட்டுக்குப் போக முடியாது."

"முடியாதும்மா."

"வீட்டுலதான் அவ இருக்காளே." அவள் பார்வை வடிவின் மேல் வந்து நின்றது. "சரி. கேளுங்க ஐயா."

ஆணையர் முதல் உத்தரவைப் படித்தார்.

"துறைமுக ரோட்டு ஆஸ்பத்திரியா?" முதல்நாள்காரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நான் ரத்தம் எடுத்த இடம் ஐயா அது. ராத்திரிக்கு இன்னொரு டாக்டர் போடணும்னு நேத்துத்தான் சொன்னேன். மூடச் சொல்லுவேனா? என் உத்தரவு இல்ல."

இரண்டாவதைப் படித்தார். அதற்கு அவள் சிரிக்கவில்லை. "ஏன் மூடுனன்னு கேட்டதுக்கு ஒருத்தரை அடைச்சிருக்கா? இதுவும் என் உத்தரவு இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. குத்தாலிங்கம் அசரவில்லை. சட்டத்தில் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். ஆணையர் அதைத்தான் சொன்னார்: "மேயர் மனசு மாறலாம், நிலைமையும் மாறலாம். தகுந்த காரணம் இருந்தா உத்தரவு நிக்கும். மனப்படி கேட்கிறதுக்கு மேயர் விளக்கம் சொல்லணும்."

"ஏன் மூடுன?" என்றாள் முதல்நாள்காரி, வடிவைப் பார்த்து.

"மாநகராட்சிக்கு நிதி நெருக்கடிம்மா," என்றார் குத்தாலிங்கம். "துறைமுகத்துல திருட்டு ஜாஸ்தி. போலீசுக்கு இடம் வேண்டியிருந்துச்சு."

"பிரசவத்துக்கு வந்தவங்க எங்க போவாங்கன்னு யோசிச்சியா?"

"பெரியாஸ்பத்திரியில எல்லா வசதியும் இருக்கு."

"ஜாபிரை எதுக்கு அடைச்ச?"

"பொது அமைதிக்குப் பங்கம் வந்துச்சு. அறிக்கை இருக்கு, தாரோம்."

ஆணையர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரஹ்மத் நிசாகூட குத்தாலிங்கத்தின் முகத்தைப் பார்த்துத்தான் முறைத்தாள். நான்கு வருடமாக இந்தக் கூடத்தில் இப்படித்தான் கேள்வி ஒரு பக்கம் போகும், பதில் இன்னொரு பக்கமிருந்து வரும். அதில் அதிசயப்பட ஒன்றும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நான்கு வருடத்தை வாழாத ஒருத்திக்குத்தான் தோன்றியது.

"நான் அவகிட்டல்ல கேட்டேன்," என்றாள் முதல்நாள்காரி.

"அதான் சொல்லுதேன்ல."

"நீங்க என் வீட்டுக்காரர்னு தெரியும். இந்தக் கூடத்துல நீங்க யாரு?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். ஆணையரின் பேனா நின்றது. அவர் அந்த உயரமான நாற்காலியை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"ஐயா, இன்னொரு சந்தேகம்," என்று அவள் தொடர்ந்தாள். "முத்திரை மோதிரத்தை மேயர் கழத்தவே கூடாதுன்னு காலையிலதான் எனக்குப் பாடம் எடுத்தாங்க. அது ஏன் இவரு விரல்ல இருக்கு?"

மேயரின் உத்தரவுகள் எல்லாம் அந்த மோதிரத்தை அழுத்தினால்தான் வெளியே போகும். மேயரின் நாடித்துடிப்பு இருந்தால் மட்டுமே வேலை செய்யும்படி தலைநகரத்தில் பெரிய பெரிய பொறியாளர்கள் அதைச் செய்திருந்தார்கள். பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அதைச் சரிக்கட்டிக் கொடுத்துவிட்டார். அந்த மோதிரத்தோடுதான் குத்தாலிங்கம் ஊரில் நடந்த கல்யாணங்களில் எல்லாம் அட்சதை போட்டார். ஊர் முழுக்கப் பார்த்த மோதிரம். அன்று காலை ஆணையரே அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார்.

"சமையல் வேலையா இருக்கையில அது சும்மா சும்மா அதிருதுன்னா. சரி நான் வச்சிருக்கேன்னு வாங்கி வச்சேன். உத்தரவெல்லாம் அவளோடதுதான்," என்றார் குத்தாலிங்கம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தாளை வடிவின் பக்கம் நகர்த்தினார். "சொல்லும்மா. படி."

ஆணையர் கையைத் தூக்கித் தடுத்தார். "அம்மா, அவசரப்படாதீங்க. இந்த உத்தரவு நான் போட்டதுன்னு நீங்க சொன்னா, விளக்கத்தைக் கேட்டு நான் முடிவு பண்ணுவேன். நான் போடலைன்னு சொன்னா, அது போட்ட நிமிஷத்துலேருந்தே செல்லாது. ஆனா மோதிரத்தை இன்னொருத்தர்கிட்ட குடுக்கிறது குற்றம். உங்க மேல வழக்கு வரும். ஆயுசுக்கும் இனி எந்தத் தேர்தல்லயும் நிக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

வடிவு தாளைப் பார்த்தாள். நல்ல விளக்கம்தான். படித்தால் போதும், பதவி நிற்கும், வீட்டில் சத்தம் வராது. ஜாபிர் உள்ளேயே கிடப்பான். துறைமுக ரோட்டில் அடுத்து எவளுக்கு வலி வந்தாலும் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியதுதான். அவள் திரையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்திருந்தாள். திரையில் இருந்தவளுக்குக் கோபமே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இவளுக்கு என்ன ஆச்சு என்ற கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வீட்டு வாசல்ல நின்னு கேட்டது உன் காதுல விழுந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நாங்க ஊர்லயே—" என்று ஆரம்பித்தார் குத்தாலிங்கம்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் வடிவு.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தத் திகைப்பிலேயே அவர் சும்மா இருந்துவிட்டார்.

"விழுந்துச்சு," என்றாள் வடிவு. "மாடியில இருந்தேன். பிள்ளை, பிள்ளைன்னு சத்தம் வந்துச்சு. இறங்கிப் போய் என்னன்னு கேட்டிருக்கலாம். ஜன்னலைச் சாத்திட்டேன்."

ரஹ்மத் நிசா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

வடிவு எழுந்து நின்றாள். "ஐயா, ரெண்டு உத்தரவையும் நான் போடல. ஆஸ்பத்திரியை மூடுன பிறகுதான் எனக்குத் தெரியும். ஜாபிரை அடைச்சது டிவி பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். மோதிரத்தை என்கிட்டருந்து யாரும் பிடுங்கல. பதவிக்கு வந்த மறுமாசம் நானே கழத்திக் குடுத்தேன். அசதியா இருந்துச்சு. குடுத்தப்புறம் நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதிதான் என் குத்தம். வழக்குப் போடுங்க."

சொல்லி முடித்ததும் பயம் போய்விட்டது. அதைவிட, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பெரிய குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுச் சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆணையர் தீர்ப்பை எழுதவே இல்லை, வாயாலேயே சொல்லிவிட்டார். இரண்டு உத்தரவும் செல்லாது. வழக்கு முடியும்வரை மேயர் மேயராகவே இருக்கலாம், ஆனால் மோதிரம் மேயரிடமே இருக்க வேண்டும். கூடம் எழுந்து கத்திய கத்தலில் புறாக்கள் உத்தரத்திலிருந்து பறந்தன.

"நாளைக்கு உன்னை உள்ள தூக்கிப் போட்டா எவன் வாரான்னு பாக்குதேன்," என்று பல்லைக் கடித்தார் குத்தாலிங்கம்.

"மோதிரத்தைக் குடுங்க."

அவர் கழற்றப் பார்த்தார். வரவில்லை. நான்கு வருடத்தில் விரல் நன்றாகச் சதை பிடித்திருந்தது. திருகினார், இழுத்தார், எச்சில் தொட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு காவலர் கழிவறைக்கு ஓடிப்போய்ச் சோப்பும் தண்ணீரும் கொண்டுவர, ஊர் பார்த்திருக்க, மேயர் ஐயாவின் விரலுக்கு நுரை போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது. வடிவு அதை முந்தானையில் துடைத்து விரலில் போட்டாள். தொளதொளவென்று இருந்தது. பெருவிரலுக்கு மாற்றிக்கொண்டாள்.

திரையை அணைக்கப் போனார்கள். "ஒரு நிமிசம்," என்றாள் வடிவு.

"என்னை மறுபடி எழுப்புவாங்களா?" என்று கேட்டாள் முதல்நாள்காரி.

வடிவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "மாட்டாங்க. ஒரு தடவைதான். பதவிக்காலம் முடிஞ்சதும் அழிச்சிருவாங்க."

"அப்ப எனக்கு இந்த ஒரு நாள்தான்."

"ஆமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. நல்ல நாளாத்தான் இருந்துச்சு," என்றாள். "நீ போ. அங்க ஒருத்தன் உள்ள இருக்கான்ல."

துறைமுக ரோட்டுக்கு மேயர் நடந்தே போனாள். கார் குத்தாலிங்கத்தோடு போய்விட்டது. பின்னால் பாதி ஊர் வந்தது. மகப்பேறு மனையின் பச்சைச் சுவரில் நீலத்தையும் சிவப்பையும் பூசிக் காவல் நிலையம் என்று எழுதியிருந்தார்கள். அவள் ஊசியும் குப்பியுமாக உட்கார்ந்திருந்த அறைக்குத்தான் கம்பி போட்டிருந்தார்கள். ஜாபிர் அதற்குள் இருந்தான்.

"விட்டிரலாம் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஐயாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

"எந்த ஐயாகிட்ட?"

இன்ஸ்பெக்டர் அவள் பெருவிரலைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

"அப்படியே உங்க மேசை நாற்காலியையும் கட்டுங்க," என்றாள் வடிவு. "பழைய ஸ்டேஷன் சும்மாத்தான கிடக்கு? சாயங்காலம் பிரசவக் கட்டில் வருது."

வெளியே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்ததும் யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள். தெருப் பெண்கள் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள், காவலர்கள் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜாபிர் தாடியும் மெலிந்த தோளுமாக வெளிச்சத்துக்கு வந்து கண் கூசி நின்றான். சபுரா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வடிவு ஓரமாக நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

ரஹ்மத் நிசாதான் அவளிடம் வந்தாள்.

"வடிவு." நான்கு வருடத்தில் அவளை யாரும் மேயரம்மா என்றில்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னைக்கு நீ செஞ்சது பெரிய காரியம்தான். நான் இல்லைங்கல. ஆனா ஜன்னலைச் சாத்துனேன்னு சொன்ன பாத்தியா, அதை என்னால விட முடியல. நாளைக்கு உன் மேல புகார் குடுக்கப் போறேன். மோதிரத்துக்கு இல்ல. பிள்ளைக்கு."

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதவிக்கு வந்ததிலிருந்து அவள் தன் கையால் ஒரு மனுகூட வாங்கியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"குடுங்கக்கா," என்றாள். "மேயர் மேல புகார்னா மேயர்தான் வாங்கணும். காலையில ஆபீஸ் திறந்ததும் வாங்க. நான் உக்காந்திருப்பேன்."

ரஹ்மத் நிசா போகத் திரும்பி, நின்றாள்.

"ரெண்டு நகல் கொண்டு வரணுமா?"

"மூணு கொண்டு வாங்க," என்றாள் மேயர். "வாங்கிக்கிட்டேன்னு ஒண்ணுல நான் கையெழுத்துப் போட்டு உங்ககிட்ட தரணும்ல."